எனக்கும் என் மகளுக்கும் எடுத்த நீர்ச் சோதனை

போன மாசி மாதம் என் செருப்பு எனக்குச் சேராமல் போனது. காலை நுழைத்தால் வார் இறுக்கிப் பிடித்தது. வெயிலில் கிடந்து சுருங்கிவிட்டது என்று நினைத்து வேறு செருப்பு வாங்கினேன். பத்து நாளில் அதுவும் சேரவில்லை. அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தேன். கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினால் குழி விழுந்தது. விழுந்த குழி சீக்கிரம் மேலே வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர் போனால் சோப்புத் தண்ணீர் ஊற்றியதுபோல நுரை நின்றது. இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி நுரை வந்தால் கூச்சப்படாமல் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எழுத வந்ததில் முக்கியமானது இது. மற்றதும் கூச்சத்தால் வந்ததுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பழனிசெட்டிபட்டி. வீட்டுக்காரர் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறார். ஒருநாள் காலை அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏய், மூஞ்சி என்ன இப்படி உப்பியிருக்கு? தேனீ கீனீ கொட்டிருச்சா?"

"தூங்குனதுதான்."

"தூங்குனா எனக்கும்தானே உப்பணும்" என்று சொல்லி, கடைக்குப் போகாமல் என்னைத் தெருக்கோடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் காலை அழுத்திப் பார்த்தார். நீர் பிரிகிற மாத்திரை எழுதிக் கொடுத்து, தினம் காலையில் ஒன்று போடுங்கள், ஆனால் இது வீக்கத்துக்கு மட்டும்தான், தேனியில் சிறுநீரக டாக்டரைக் கட்டாயம் பாருங்கள் என்றார். நான் பத்து நாள் தள்ளிப்போட்டேன். காரணம், மகள் வருவதாக இருந்தது.

என் மகள் கௌமாரி ஈட்டி எறிகிறவள். வயது இருபத்தேழு. எனக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஈட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்று, உயரமாக இருக்கிறாளே என இவளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது மூங்கில் ஈட்டி. மைதானத்தைத் தாண்டி வாத்தியாருடைய மோட்டார் சைக்கிள் பக்கத்தில் போய்க் குத்தி நின்றதாம். வாத்தியார் திட்டுவதற்குப் பதிலாக இன்னொரு தடவை எறியச் சொன்னாராம். அங்கிருந்து விளையாட்டு விடுதி, பிறகு வடக்கே பயிற்சி முகாம். முதல் வெளிநாடு இலங்கை. திரும்பி வரும்போது எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு தாய்லாந்து, கத்தார், ஜெர்மனி. ஈட்டிகளை வைக்கிற நீளக் குழாயைப் பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். விமானத்தில் ஏற்றவும் சண்டை போட வேண்டும். ஒருமுறை இவள் ஒரு நாட்டிலும் ஈட்டி இன்னொரு நாட்டிலும் போய் இறங்கி, அடுத்தவள் ஈட்டியைக் கடன் வாங்கி எறிந்து மூன்றாவதாக வந்தாள். அப்புறம் முழங்கையில் நரம்பு அறுந்து அறுவை சிகிச்சை. ஒரு வருஷம் ஈட்டியைத் தொடவில்லை. அந்த வருஷம் அவள் வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டுக்கெல்லாம் கண்ணீர் கலந்திருந்தது. இப்போது மறுபடி எறியத் தொடங்கி, கொரியாவில் ஒரு பெரிய போட்டிக்குப் பெயர் வந்திருந்தது. அதற்கு முன்னால் நாலு நாள் விடுப்பில் அம்மா முகத்தைப் பார்க்க வருகிறாள். வந்த இடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். எனக்கு மாத்திரை விழுங்க வராது. சின்ன வயதிலிருந்தே வராது. தொண்டையில் வைத்தால் வாந்திதான். அறுபத்து நாலு வயதில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் பார்க்காதபோது சமையலறையில் ஏலக்காய் இடிக்கிற கையடக்கக் கல் உரலில் மாத்திரையைப் போட்டு நசுக்கி, கருப்பட்டித் துண்டோடு குழைத்து விழுங்கிவிடுவேன். எங்கள் வீட்டில் டீக்கு ஏலக்காய் இல்லாத நாளில்லை. கடையில் உடைந்த காயை அவருக்குக் கொடுப்பார்கள். ஏலக்காய் உரலை நாங்கள் கழுவ மாட்டோம். தண்ணீர் பட்டால் கல் ஈரம் வாங்கி, அடுத்த தடவை இடிக்கும்போது வாசம் செத்துப்போகும். ஏலக்காய்க்காரன் வீட்டுப் பழக்கம் அது. காய்ந்த துணியால் துடைப்பதோடு சரி. நானும் துடைத்தேன்.

கௌமாரி வந்தாள். என் காலைப் பார்த்து, "என்னம்மா இது, யானைக்கால் மாதிரி?" என்று கத்தினாள். "மாத்திரை சாப்புடுறேன், வடிஞ்சுரும்" என்றேன். அவள் வெளியில் எதையும் வாயில் வைக்க மாட்டாள். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைத் திரும்பித் தொட மாட்டாள். இருமல் மருந்துக்குக்கூட டில்லியில் யாரிடமோ கேட்பாள். கோயிலில் கொடுத்த கஷாயத்தைக் கையில் வாங்கிக் கும்பிட்டுவிட்டுச் செடிக்கு ஊற்றியவள். வீட்டில் மட்டும்தான் கொடுத்ததை வாங்கிக் குடிப்பாள். காலையில் இரண்டு டம்ளர், சாயங்காலம் இரண்டு டம்ளர் ஏலக்காய் டீ. நான்தான் இடித்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கதவைத் தட்டினார்கள். ஒரு அம்மாவும் ஒரு ஆளும் கையில் பெட்டியோடு நின்றார்கள். நான் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றேன். கௌமாரி பல் விளக்கிக்கொண்டே, "பயப்படாதம்மா, ஊக்க மருந்துச் சோதனைக்கு வந்துருக்காக" என்றாள். அவள் தினமும் எந்த ஊரில், எந்த நேரத்தில் இருப்பாள் என்று போனில் எழுதிவைக்க வேண்டுமாம். சொல்லாமல் வருவார்களாம். அந்த அம்மா, மகளோடு கூடவே குளியலறைக்குள் போனாள்.

நான் வெளியே வந்தவளிடம் காதோடு கேட்டேன். "அந்தம்மா எதுக்குடி உள்ள வந்தாக?"

"பார்க்கணும்மா. நாம ஒன்னுக்கு இருக்கும்போது அவுக கண்ணால பார்க்கணும். வேற ஆள் நீரைக் குடுத்துறக் கூடாதுல்ல."

"அடி ஆத்தீ!"

"ஜெர்மனியில ஒரு கிழவி தரையில உக்காந்து குனிஞ்சு பார்த்தா. வரவே மாட்டேங்குது. ரெண்டு மணி நேரம் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இருந்தோம்."

நீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, பூட்டுபோல ஒரு மூடியால் அடைத்தார்கள். ஒரு காகிதத்தில் ஒரு வாரமாக என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தது. கௌமாரி ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் அவர்களுக்கு டீ கொண்டுவந்தேன். குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் வாய் நனைக்காமல் போகிறார்களே என்று எனக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.

மறுநாள் எனக்குப் படியேற மூச்சு வாங்கியது. கௌமாரி விடுப்பை நீட்டிக்கொண்டு என்னைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

சிறுநீரக டாக்டர் மகள் வயதுப் பெண். பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினாள். சிறுநீரகத்துக்குள் டீ வடிகட்டி மாதிரி ஆயிரம் ஆயிரம் வடிகட்டி இருக்கிறது. அதில் கண்ணி பெரிதாகிவிட்டது. ரத்தத்தில் நிற்க வேண்டிய புரதச் சத்து ஒழுகி நீரோடு போகிறது, நுரை அதனால்தான். சத்துக் குறைந்த ரத்தத்தில் தண்ணீர் தங்காது, சதைக்குள் இறங்கிவிடும், வீக்கம் அதனால்தான். எதனால் இப்படி ஆனது என்று தெரிய, சிறுநீரகத்தில் ஊசி விட்டு நூல் அளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"கேன்சருங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்படி இருக்கான்னும் பார்ப்போம். பார்க்காம எதையும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவர் என் சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே போய் நின்றார்.

அதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கப் போகிற நீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை ஒரு சொட்டு விடாமல் அதில் ஊற்ற வேண்டும். எத்தனை புரதம் ஒழுகுகிறது என்று அதில் அளப்பார்களாம். கழிப்பறை வார்டின் அந்தக் கடைசியில். நடுவில் பதினாறு கட்டில். எல்லாக் கட்டிலுக்கும் பக்கத்தில் ஆள். நான் கேனைத் துண்டில் சுற்றி, துண்டைப் பையில் போட்டு, பிள்ளை தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

கௌமாரி சிரித்துவிட்டாள். "எம்மா, உன்னது கேன்ல, என்னது பாட்டில்ல. உன்னை யாரும் குனிஞ்சு பார்க்கலையே. இதுக்கா இம்புட்டு வெட்கம்?"

நானும் சிரித்தேன். அந்த ஆஸ்பத்திரியில் நான் கவலையில்லாமல் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பக்கத்துக் கட்டிலில் பாக்கியம். மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், சிறுநீரகக் கல்லுக்காக வந்தவள். நர்ஸ் கொடுக்கும் மாத்திரையை நான் போர்வைக்குள் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்குவதை அவள்தான் கண்டுபிடித்தாள்.

"ஏக்கா, போர்வைக்குள்ள மூட்டப்பூச்சியா நசுக்குறீக?"

"சத்தம் போடாத தாயி" என்று கெஞ்சினேன்.

மறுநாள் கௌமாரி என் மருந்துப் பையை ஒழுங்குபடுத்தினாள். வீட்டிலிருந்து வந்த பழைய மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கம் படித்தாள். படித்தவள் மறுபடியும் படித்தாள். போனை எடுத்து எதையோ பார்த்தாள்.

"எம்மா, இது எத்தனை நாளாச் சாப்புடுற?"

"நீ வர்றதுக்கு முன்னாடியிருந்து. நீர் பிரியுற மாத்திரை. எதுக்குக் கேக்குற?"

"இது எங்களுக்குத் தடை பண்ணுன மருந்து. ஊக்க மருந்து போட்டவுக அதை வெளியே கழுவித் தள்ளுறதுக்கு இதைச் சாப்புடுவாக. அதனால இதுவே உடம்புல இருக்கக் கூடாது. கொஞ்சூண்டு இருந்தாலும் ரெண்டு வருஷம், நாலு வருஷம்னு வெளியே உக்கார வச்சுருவாக." பிறகு அவளே மூச்சு விட்டாள். "நல்லவேளை, நான் தொடவே இல்லை. மாத்திரை தானா நடந்து வந்து என் வாயில விழுகாதுல்ல."

அட்டையைப் பையில் போட்டுவிட்டு என் தலையை வார உட்கார்ந்தாள். உரல் கண்முன்னால் வந்து நின்றது. அன்றன்றைக்குக் காலையில் முதலில் மாத்திரை, பிறகு துணி, பிறகு அவளுக்கு ஏலக்காய். மூன்று நாள். ஒரு டம்ளர் என்ன, பத்து டம்ளர் இருக்கும். அவள் சீப்பு முடியில் இறங்க இறங்க நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாத்திரை விழுங்கத் தெரியாததையும் சொல்ல வேண்டும். இவள் வாழ்க்கையில் நான் மண்ணை அள்ளிப் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவள் சாப்பிடக் கீழே போனதும் பக்கத்து வீட்டில் குடியிருக்கிற மருமகள் செல்விக்குப் போன் போட்டேன்.

"செல்வி, அந்த ஏலக்கா உரலைக் கழுவிரு. புளியும் சாம்பலும் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவு."

"அதைக் கழுவக் கூடாதுன்னு நீங்கதானே அத்தை சொல்லுவீக?"

"சொன்னதைச் செய்யி."

அவள் நல்ல பிள்ளை. தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துவிட்டு, "பளிச்சுன்னு ஆயிருச்சு அத்தை" என்று சொன்னாள்.

பாக்கியம் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் திறந்தாள். "அக்கா, மக சொன்னதும் கேட்டேன், நீங்க சொன்னதும் கேட்டேன். உரலைக் கழுவியாச்சு. வயித்துக்குள்ள போனதை எதைப் போட்டுக் கழுவுவீக?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சதை எடுத்தார்கள். அதைப் பயப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்குக் கீழே தலையணை வைப்பார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மூச்சைப் பிடி என்பார்கள். டக் என்று பேனா மூடித் திறப்பதுபோல ஒரு சத்தம். இரண்டு சத்தம் கேட்டது, முடிந்துவிட்டது. வலியைவிடச் சத்தத்துக்குத்தான் பயம். பிறகு உள்ளே ரத்தம் கசியாமல் இருக்க, சாயங்காலம்வரை மல்லாக்க அசையாமல் கிடக்க வேண்டும். ஒருக்களிக்கக்கூட விடமாட்டார்கள்.

கௌமாரி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கூரையும் மின்விசிறியும் மட்டும்தான் தெரிந்தது. அவள் முகம் தெரியாததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"ஆத்தா, ஒன்னு சொல்லுவேன். கத்தக் கூடாது."

"வலிக்குதாம்மா?"

"இல்லை. அந்த மாத்திரையை நான் முழுங்கலை."

"சாப்பிடவே இல்லையா?"

"சாப்பிட்டேன். எனக்கு முழுங்க வராது. இடிச்சுச் சாப்பிட்டேன்."

"எதுல இடிச்ச?"

"ஏலக்கா உரல்ல."

ஸ்டூல் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. எழுந்துவிட்டாள். "கழுவுனியா?"

"துடைச்சேன்."

"சரி. உரலை அப்படியே வைக்கச் சொல்லு. யாரும் தொடக் கூடாது. அதுல மருந்து ஒட்டியிருந்தா, நான் தெரியாமக் குடிச்சேன்னு காட்டுறதுக்கு அது ஒன்னுதான் சாட்சி."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் முதுகு குலுங்கும், அசையக் கூடாது. "நேத்து செல்வியைக் கழுவச் சொல்லிட்டேன்த்தா. புளி போட்டு."

"நேத்தா? நேத்துதானே நான் உங்கிட்ட மாத்திரையக் காட்டுனேன்?"

"அதுக்கப்புறம்தான்."

"தெரிஞ்சே கழுவச் சொன்னியா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "எம்மா, எதை எடுத்துக்கிட்டுப் போயி அவுக முன்னாடி நிக்கிறது நானு? என் அம்மா கழுவிருச்சுன்னா?"

செருப்புச் சத்தம் வார்டின் அந்தக் கடைசிவரை போனது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இடது இறக்கையில் ஒட்டடை சுற்றிக்கொண்டே இருந்தது. பாக்கியம் தன் குளுக்கோஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "இப்பத்தான்க்கா மாத்திரை உள்ள இறங்குச்சு" என்றாள்.

அரைமணி நேரம் கழித்து கௌமாரி வந்தாள். கண் சிவந்திருந்தது. உப்பில்லாக் கஞ்சியைக் கலக்கி, "வாயைத் திற" என்றாள். ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். நான் படுத்தபடி குடித்ததால் கழுத்தில் வழிந்ததைத் துடைத்தாள். அவளுடைய கோபத்தில் அந்தக் கஞ்சியை ஊட்டாமல் போயிருந்தால் நான் அவளைத் தப்பு சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அவள் தன் பயிற்சியாளருக்கும் தடகளச் சங்கத்து டாக்டருக்கும் போன் போட்டாள். சோதனை முடிவு வருமுன்பே உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடு என்றார்கள். உடம்புக்குள் எது இருந்தாலும் அதற்கு விளையாடுகிறவர்தான் முதல் பொறுப்பு. எப்படி வந்தது என்பதெல்லாம் அப்புறம்தான் பேச்சு. ஆனாலும் முன்கூட்டிச் சொன்னவள் என்று ஒரு பேர் இருக்கும். கொரியாவுக்குப் போகத் தடையில்லை. முடிவு வந்து அதில் இருந்தால், போன இடத்திலிருந்தே திரும்ப வேண்டியதுதான்.

தெருக்கோடி டாக்டரின் சீட்டில் தேதி இருந்தது. என் டாக்டரம்மா ஒரு கடிதம் எழுத வேண்டும். அதற்கு நான் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் கட்டிலைச் சுற்றி நாலு பேர் நிற்கும்போது, "எனக்கு மாத்திரை முழுங்க வராது" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நிறையப் பேருக்கு வராது. சில மாத்திரையை நசுக்கவே கூடாது, மருந்து ஒரேயடியா ரத்தத்துல ஏறிரும்" என்றாள் டாக்டரம்மா. நர்ஸ் ஒரு வாழைப்பழத் துண்டுக்குள் மாத்திரையைச் சொருகி, தலையை மேலே தூக்காமல் நாடியை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொன்னாள். மூன்றாவது தடவை போய்விட்டது. அறுபது வருஷப் பயம் ஒரு வாழைப்பழத் துண்டில் தீர்ந்தது.

பிறகு நான் என் கைப்பட எழுத வேண்டும் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடைக்குச் சாமான் சீட்டு எழுதுவதைத் தவிர வேறு எழுதியதில்லை. கௌமாரியிடம் நீயே சொல்லு, எழுதுகிறேன் என்றேன். "நான் சொல்லக் கூடாதும்மா. நீ பேசுற மாதிரி எழுது" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு பக்கம் எழுதினேன். உரலை ஏன் கழுவச் சொன்னேன் என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் அரை நாள் ஆனது.

இரண்டு நாள் கழித்து சங்கத்து டாக்டர் தமிழ் தெரிந்த ஒரு அம்மாவை வைத்துக்கொண்டு என்னோடு போனில் பேசினார். தெரியாதவர்களோடு போனில் பேச எனக்குக் குரல் எழும்பாது. வீட்டுக்காரர் போனை என் காதில் பிடித்துக்கொண்டார்.

"உங்க மகளுக்கு இது தெரியுமா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா உரலைத் தூக்கி வாய்க்கால்ல போட்டிருப்பா, என்னையும் சேர்த்து."

அந்தப் பக்கம் யாரோ சிரித்ததுபோல இருந்தது. சிரித்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் முடிவு முதலில் வந்தது. கேன்சர் இல்லை. வடிகட்டியின் சவ்வு தடித்துப்போகிற நோய். "சிலருக்குத் தானா அடங்கும், சிலருக்கு மருந்தில அடங்கும், சிலருக்கு அடங்காது. நீங்க எந்த வரிசைன்னு ஆறு மாசத்துல தெரியும்" என்றாள் டாக்டரம்மா. வீட்டுக்காரர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த அளவுக்கு நிம்மதி வரவில்லை. என் சோதனைக்குப் பாஸ் சொன்னார்கள். அவள் சோதனை எங்கோ ஒரு பெட்டியில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் கஷ்டமாக இருந்தது. எனக்கு எழுதிய புது மாத்திரையிலும் ஒன்று அவளுக்கு ஆகாதது. என் மருந்தெல்லாம் ஒரு தகர டப்பாவில் பூட்டி மேலே வைத்தார்கள். மருந்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். கிளம்புமுன் அவள் இருந்த நாட்களில் தன் முட்டையைத் தானே அவித்துக்கொண்டாள். சோறு செல்வி வீட்டிலிருந்து வந்தது. தாகமாக இருக்கிறது என்றாள் ஒருநாள். பானைப் பக்கம் போன என் கை அப்படியே நின்றுவிட்டது. பெற்ற மகளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து கொடுக்கப் பயந்தேன். அவள் பார்த்தாள். தானே மோந்து குடித்தாள்.

வீட்டுக்காரர் எனக்குத் துணைக்கு உப்பில்லாமல் சாப்பிட்டார். "உப்பு இல்லாட்டித்தான் சோத்தோட ருசி தெரியுது" என்று பொய் சொன்னார்.

முடிவு மூன்று வாரத்திலும் வரலாம், ஆறு வாரத்திலும் வரலாம் என்றார்கள். கௌமாரி முகாமுக்குப் போனாள். அங்கிருந்து தினமும் கூப்பிடுவாள். காலு எப்படி, நுரை எப்படி என்று கேட்பாள். நான் வந்துருச்சா என்பேன். வரலை என்பாள். அவ்வளவுதான் பேச்சு. எறிவது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒருநாள், "ஓடி வந்து கையைத் தூக்குறப்ப, இதுதான் கடைசியோன்னு தோணுதும்மா. கை லேட்டாகுது" என்றாள். அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை. போன் மணி அடித்தால் அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஓடுவேன். மணி அடிக்காவிட்டால் போன் செத்துப்போயிற்றா என்று எடுத்துப் பார்ப்பேன்.

அப்படியே கொரியாவுக்குப் போய்விட்டாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"எம்மா, வந்துருச்சு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஒன்னுமில்லையாம். சுத்தமா இருக்காம்."

உரலில் ஒட்டியிருந்ததா இல்லையா, அவள் டீயில் போனதா, போய் வடிந்துவிட்டதா, எதுவும் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அன்றைக்குப் போனை அப்படியே பக்கத்தில் நின்ற செல்வியிடம் கொடுத்துவிட்டேன்.

போட்டி அன்று எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. தொலைக்காட்சியிலும் காட்டவில்லை. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"தோத்துட்டேன்மா. எட்டாவது. ஆறு எறியில ரெண்டு தப்பு. என் பழைய தூரத்தைக்கூடத் தொடலை."

"நல்லதுத்தா" என்றேன். சொன்னதும் அழுகை பொங்கிவிட்டது.

"என்னம்மா நல்லது?"

"தோக்க விட்டாகள்ல."

அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ஊர்ல எல்லா ஆத்தாளும் பிள்ளை ஜெயிச்சா அழுவாக. எனக்கு வாய்ச்சது எட்டாவது வந்ததுக்கு அழுகுது."

"அடுத்தது எப்ப?"

"அடுத்த மாசம் தைவான்ல."

"போயித் தோத்துட்டு வா" என்றேன்.

வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஆத்தா, உங்க அம்மாவுக்கு மருந்து தலைக்கேறிப் போச்சு. அது சொல்றதைக் கேக்காத, நீ ஜெயிச்சுட்டு வா."